நிறையாத வட்டம்

லப்பைக்குடிக்காட்டு காதர் பாட்சாவின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தால் அது லேமினேஷன் ஆகாமல் திரும்பி வராது. ரேஷன் கார்டு, நிலப் பட்டா, மகன் அன்சாரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்றால் சரி, நியாயம் இருக்கிறது. ஒருமுறை டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டையே போட்டு எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். "இதுல நான் எங்க பாய் சீல் குத்துறது?" என்று மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளாறு கரையேறிய ஒரு வருஷம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, நிக்காஹ் பதிவுக் காகிதம் முதற்கொண்டு கூழாகிப் போனதைப் பார்த்த மனுஷர் அவர். சூடு கண்ட பூனை.

அப்படித்தான் பேரனின் ரத்தமும் பிளாஸ்டிக்குக்குள் போனது.

2006-ஆம் வருஷம் ரமலான் தொடங்கி இரண்டாவது வாரம் அது. பெரம்பலூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் தமிழ்மொழி சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த அறைதான். ஒரு சன்னல், ஒரு மேசை, எந்நேரமும் டெட்டால் வாடை. வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஆறு வருஷத்தில் அந்தத் தாடி முழுக்க வெளுத்திருந்தது.

"சிஸ்டர், என்னையத் தெரியுதா?"

"தெரியாம என்னங்க பாய். உக்காருங்க. தண்ணி..." என்று எடுக்கப் போனவள் நின்றாள். "நோம்புல்ல."

"நோம்புதான். காலையில திருச்சிக்குப் போயிட்டு இப்பதான் எறங்குறேன்." நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. "மருமவ மர்ஜியாவுக்கு எட்டு மாசம். அன்சார் சவூதியில தம்மாமுல இருக்கான், லீவு கெடைக்கல. நாந்தான் அலையுறேன்."

"நல்ல சேதிதாங்க."

"நல்ல சேதிதான். இந்தத் தடவ திருச்சியில காட்டுறோம். அந்த டாக்டரம்மா மொதப் புள்ளைய பத்தித் துருவித் துருவிக் கேட்டுச்சு. பால் குடிச்சதும் கக்குனான், வவுறு ஊதுச்சு, கண்ணு மஞ்சளாச்சு, பத்தொம்பதாம் நாளு மவுத்தாயிட்டான்னு சொன்னேன். அந்தம்மா பேனாவ மேசையில வச்சிட்டு, 'பாய், இது தாய்ப்பாலே ஆகாத நோயா இருக்கலாம்'னாங்க. பால்ல ஒரு சக்கர இருக்குதாம். அத ஒடைக்கிற சத்து சில புள்ளைங்களுக்குப் பொறப்புலயே இருக்காதாம். சொந்தத்துல கட்டுனவங்க வூட்டுல இது வரும்னாங்க. மர்ஜியா என் தங்கச்சி மவதானே."

தமிழ்மொழி ஈரக்கையைத் துண்டில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆனா இங்கேருந்து மெட்ராசுக்கு அனுப்பிப் பாத்த ரிப்போர்ட்டு அந்த நோய் இல்லைங்குதே, அதான் அவங்களுக்குக் கொழப்பம். 'செத்த புள்ளையோட ரத்தம் எங்கயாச்சும் மிச்சமிருந்தா, அதுலேருந்து டிஎன்ஏ பிரிச்சு நேராப் பாத்துடலாம். அதுவும் இல்லன்னு சொல்லிட்டா, பொறக்கப்போற புள்ளைக்கு தைரியமாப் பால் குடுக்கலாம்'னாங்க. நான் இருக்குன்னேன். அந்தம்மா நம்பல."

சொல்லும்போதே அவருக்கு ஒரு சின்னப் பெருமை. ஊரே கேலி செய்த லேமினேஷன் கடைசியில் உதவிக்கு வந்துவிட்டதே! துணிப்பையிலிருந்து உருவி மேசைமேல் வைத்தார்.

கெட்டியான வெள்ளை அட்டை. 'மர்ஜியா, ஆண் குழந்தை' என்று தமிழ்மொழியின் கையெழுத்து. அதன் கீழே வரிசையாக ஐந்து வட்டங்கள். நான்கு வட்டங்கள் விளிம்பு தப்பாமல் நிறைந்து, காய்ந்து, காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தன. இரண்டாவது வட்டத்தில் மட்டும் மிளகளவு ஓட்டை, மெட்ராசில் வெட்டி எடுத்த இடம். ஓரத்தில் இருந்த ஐந்தாவது வட்டம் நிறையவே இல்லை. பாதிகூட இருக்காது, கோணல்மாணலாக ஒரு கறை.

"எடுத்தவங்கள்ட்ட எப்ப, எப்புடி எடுத்ததுன்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வெட்டுனா நடுவுல உள்ளதத்தான் வெட்டுவோம், நல்லா நெறஞ்சிருக்குன்னு அங்க லேப்புக்காரர் சொன்னாரு."

தமிழ்மொழிக்கு அந்த நடு வட்டத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"வெள்ளிக்கெழம வூட்டுக்கே வந்து எழுதித் தரேன் பாய். இன்னிக்கு கை ஓயல," என்றாள். வேலை ஒன்றும் இல்லாத மேசையைப் பார்த்தபடிதான் சொன்னாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாயிரத்தில், நவம்பர் மழையில் பிறந்த குழந்தை அது. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஊசியால் குத்தி, அட்டையின் ஐந்து வட்டங்களிலும் ரத்தம் நிறைத்து, நிழலில் காயவைத்து மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். ஏதோ ஆராய்ச்சி, இலவசம். முந்தின வாரம்தான் அரைகுறையாக நிறைந்திருந்த ஆறு அட்டைகளை அங்கிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். "ஒரு வட்டத்த ரொப்பத் தெரியாதா? இன்னொன்னு திரும்பி வந்துச்சுன்னா நீயும் அதோட வூட்டுக்குப் போயிடு" என்று பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தார்.

அன்று மின்சாரம் இல்லை. குழந்தையின் பாதம் மீன் போலச் சில்லிட்டிருந்தது. வெந்நீர்த் துணி வைத்துத் தேய்த்தாள். குத்தினாள். ஓரத்து வட்டத்தில் பாதி வருவதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. மறுபடி தேய்த்து மறு காலில் குத்தினாள். குழந்தை வீறிடக்கூட இல்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம் போட்டது. மர்ஜியா கட்டிலிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "சிஸ்டர், போதும் சிஸ்டர், புள்ள நோவுது."

தமிழ்மொழிக்கும் போதும் என்றுதான் இருந்தது. அட்டையை அறைக்கு எடுத்து வந்தாள். நின்று யோசித்தாள். பிறகு புது ஊசி ஒன்றைப் பிரித்து, தன் இடதுகை மோதிரவிரலில் குத்தி, மீதி நான்கு வட்டங்களையும் நிரப்பினாள். அவள் ரத்தம் தங்குதடையில்லாமல் வந்தது. பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது, குறை ஒன்றுமில்லை என்று. ஒருவேளை ஓரத்து வட்டத்தைத்தான் வெட்டியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அட்டையும் கூடவே திரும்பி வந்தது. ஓட்டை இரண்டாவது வட்டத்தில் இருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வராத நோய், இவனுக்கா வரப்போகிறது? பத்து நாள் கழித்து காதர் பாட்சா வந்து, "புள்ள போயிட்டான், காயிதமெல்லாம் குடுத்துடுங்க" என்று கேட்டபோது அட்டையையும் ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பின்னடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

அதிலிருந்து எந்தக் குழந்தையின் குதிகாலைப் பிடித்தாலும் அவள் கைக்கு அந்தச் சில்லிப்புதான் தட்டுப்பட்டது.

காதர் பாட்சா வந்துபோன மறுநாள் செட்டிகுளத்தில் அவள் அம்மா செல்லக்கண்ணு வாசலில் குவித்த சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். தமிழ்மொழியும் ஓர் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வெங்காயம் என்பதால் யார் எதற்கு அழுகிறார்கள் என்று தெருவுக்குத் தெரியவில்லை.

"ஆறு வருசமா யாருக்கும் தெரியாதது இனிமே எதுக்கு?" என்றாள் செல்லக்கண்ணு. "உங்கப்பன் சுண்ணாம்புக்கல்லு தூக்கித்தூக்கி உன்னைய படிக்க வச்சாரு. நம்ம வூட்டுல மொத ஆளு நீதான் நாக்காலியில உக்காந்து சம்பளம் வாங்குற. பேசாம இரு."

"பேசாம இருந்தா என் ரத்தத்தத்தான் மறுபடி வெட்டுவாங்க. அதுவும் இல்லன்னுதான் சொல்லும். அந்தப் பொண்ணு இந்தப் புள்ளைக்கும் பால் குடுக்கும்மா."

செல்லக்கண்ணு இன்னும் ஒரு கைப்பிடி வெங்காயத்துக்குத் தாள் அறுத்தாள். பிறகு "அடிப்பாங்களாடி?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ்மொழி லப்பைக்குடிக்காட்டில் இறங்கியபோது வானம் மூடிக்கொண்டு நின்றது. தெருவில் பாதி வீடுகள் வளைகுடாக் காசில் எழும்பிய மாடி வீடுகள், ஆண்கள் இல்லாத வீடுகள். பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளிகள் வரிசையில் நின்றன.

காதர் பாட்சாவின் மனைவி ஷரீபா கதவைத் திறந்தாள். "வாங்கம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. நோம்பு தொறக்கப் போறோம், கஞ்சி குடிச்சிட்டுத்தான் போவணும்." வெந்தயமும் பூண்டும் மணக்க ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி, மேலே ஒரு பருப்பு வடையும் வைத்தாள். பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் கடித்து எல்லோரும் கஞ்சி குடித்தார்கள். தமிழ்மொழிக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. காதர் பாட்சாவும் ஷரீபாவும் முன்கூடத்தில் தொழுகைக்கு நின்றதும் மர்ஜியா அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

மர்ஜியாவுக்கு இருபத்தேழு வயதிருக்கும். வயிறு முன்தள்ளி, கால் வீங்கி, முகம் மட்டும் வற்றியிருந்தது. பீரோவைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய அட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"போட்டோகூட எடுக்கல சிஸ்டர். நாப்பது கழியட்டும்னாங்க. கபர்ஸ்தானுக்குப் பொம்பளைங்க போறதில்ல. எனக்கு அவன் எங்க இருக்கான்னு சொல்லுங்க? இதுலதான் இருக்கான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எடுத்து முத்தங்குடுப்பேன்." நடு வட்டத்தின்மேல் பிளாஸ்டிக் மங்கிப்போயிருந்தது. "இலியாசுன்னு பேரு வச்சோம். இதுல அந்தப் பேருகூட இல்ல, என் பேருதான் இருக்கு."

தமிழ்மொழி கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"விடியக்காலம் பால் குடிக்கிற சத்தம் கேக்கும் சிஸ்டர். சப்பு சப்புன்னு. இன்னமும் கேக்குது. கேட்டதும் நெஞ்சு கட்டிக்கும். அவன் போனப்புறம் பால் நிக்கல. மாமி மல்லிப்பூ வாங்கி நெஞ்சுல வச்சுக் கட்டிச்சு, பால் வத்தட்டும்னு. நாலு நாளு கட்டிச்சு. அதுலேருந்து மல்லி வாசம் பட்டாலே கொமட்டுது. தெருவுல பூக்காரி வந்தா கதவச் சாத்திடுவேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுச் சார்ப்பில் சடசடவென்று விழுந்தது.

"இத வெட்டக்கூடாதுன்னு மாமாகிட்ட சொல்லிட்டேன். வெட்டி என்ன பண்ணுவாங்க? நீங்க அந்த வேலைதானே, சொல்லுங்க."

"கொத்தமல்லி வெதையளவு வட்டமா ரெண்டு துண்டு வெட்டுவாங்க. சின்னக் குழாயில போட்டுத் தண்ணி ஊத்திக் குலுக்குவாங்க. செவப்பெல்லாம் தண்ணியில போயிடும். பேப்பரு வெளுத்துடும். அப்புறம் வேற மருந்துத்தண்ணி ஊத்திச் சூடு பண்ணுவாங்க. டிஎன்ஏங்கறது அந்தத் தண்ணியில எறங்கும். அப்பன் ஆத்தாகிட்டேருந்து வந்ததெல்லாம் அதுல எழுதியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"செவப்பு போன தண்ணிய என்ன பண்ணுவாங்க?"

"ஊத்திடுவாங்க."

"எங்க?"



மர்ஜியா குரலைத் தாழ்த்தினாள். "நெசத்தச் சொல்றேன். எனக்கு வெட்டுறதுலகூட பயமில்ல. அந்த டாக்டரம்மா சொன்ன மாரி இருந்துட்டா? ஒரு மணிக்கொருக்கா எழுப்பி எழுப்பிக் குடுத்தேனே. வேண்டாம்னு தலைய திருப்புனான், மூக்கப் புடிச்சுக் குடுத்தேன். பழைய ரிப்போர்ட்டு இல்லைன்னு சொன்னதாலதான் நான் உசுரோட இருக்கேன். அத யாரும் மாத்த வேணாம்."

முன்கூடத்தில் தொழுகை முடிந்தது. மர்ஜியா அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா வவுத்துல இருக்கறதுக்கும் நான் ஆத்தாதானே. ஒண்ணு பண்ணலாம் சிஸ்டர். இந்த ஓரத்துல அரைகுறையா ஒண்ணு கெடக்கு பாருங்க, இத மட்டும் வெட்டிக்கிடட்டும். நல்லா இருக்கற நாலயும் எனக்கு வுட்டுடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

தமிழ்மொழி ஓரத்து வட்டத்தைப் பார்த்தாள். இதைவிட வேறென்ன வேண்டும்? ஓரத்து வட்டத்தை வெட்டினால் உண்மை தானாக வந்துவிடும். குழந்தை பிழைக்கும். பழைய ரிப்போர்ட் தப்பாகிவிட்டது என்று மெட்ராஸ்காரர்களைத் திட்டுவார்கள். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வாயில்கூட வந்துவிட்டது, 'அது போதும் மர்ஜியா' என்று.

அப்போது மர்ஜியா அட்டையை உதட்டருகே கொண்டுபோய், நடு வட்டத்துக்கு முத்தம் கொடுத்தாள்.

"குடுக்காத!" என்று கத்திவிட்டாள் தமிழ்மொழி.

முன்கூடத்திலிருந்து இருவரும் ஓடி வந்தார்கள். தமிழ்மொழி கட்டிலை விட்டு எழுந்து நின்று சொன்னாள். அன்றைக்கு மின்சாரம் இல்லாததிலிருந்து புது ஊசியைப் பிரித்ததுவரை ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, இடது கையை நீட்டி மோதிரவிரலைக் காட்டினாள். அங்கே ஒரு தழும்பும் இல்லை. ஆனாலும் நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்ப மெட்ராசுல பாத்தது?" என்றார் காதர் பாட்சா.

"என் ரத்தம் பாய். எனக்கு நோய் இல்லைன்னு சொன்னாங்க."

ஷரீபா வாயில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! என் குலத்த முழுங்கிட்டு வந்து என் வூட்டுலயே கஞ்சி குடிச்சியேடி! அல்லா உன்னைய சும்மா வுடுவானா!" தமிழ்மொழியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். காதர் பாட்சா தடுக்கவில்லை. சுவரில் கைவைத்தபடி நின்றார். லேமினேஷன் போட்டு ஆறு வருஷம் பாதுகாத்தது எதை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

மர்ஜியா மட்டும் அழவில்லை. "இதுல எது அவன்?" என்று கேட்டாள்.

"ஓரத்துல உள்ளது. அது மட்டுந்தான். உன் பால்மேல பழியில்ல மர்ஜியா. அன்னிக்கே ரிப்போர்ட்டு சரியா வந்திருந்தா நிறுத்தியிருப்பாங்க. எல்லாம் என்னாலதான்."

மர்ஜியா அந்தக் கோணல் கறையை விரலால் தொட்டாள். "இதுக்கு நான் ஒருநாளும் முத்தங்குடுத்ததில்ல சிஸ்டர்," என்றாள். "மை கொட்டுன மாரி இருக்கேன்னு வுட்டுட்டேன்."

தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அட்டையைப் பிளாஸ்டிக்கோடு வெட்டினாள். ஓரத்து வட்டம் ஒரு பக்கம், நான்கு வட்டங்கள் ஒரு பக்கம். நான்கையும் தமிழ்மொழியின் கையில் வைத்தாள். "உங்களுத நீங்க எடுத்துட்டுப் போங்க."

தமிழ்மொழி கூடத்தில் உட்கார்ந்து திருச்சி டாக்டருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மழையில் இறங்கினாள்.

சனிக்கிழமை தன் ஆஸ்பத்திரி டாக்டரிடமும் சொன்னாள். அன்றோடு வேலை போயிற்று. பத்து நாளில் அரியலூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கடையில் சேர்ந்தாள். செட்டிகுளத்திலிருந்து பெரம்பலூர், அங்கே மாறி அரியலூர் என்று தினம் இரண்டு பஸ். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. கேட்கவும் அவளுக்கு வாயில்லை. திருச்சியில் அந்த வட்டத்தை வெட்டினார்களா, என்ன வந்தது, பிள்ளை பிறந்ததா ஒன்றும் தெரியாமல் ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போனது. தினமும் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் வெள்ளைத் தாடிகளைத் தேடினாள்.

ஒரு நாள் அவரைக் கண்டாள். பூக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். பனிக்காலம், மல்லி அபூர்வமாகத்தான் வரும். கடைக்காரி கூடையின் அடியிலிருந்து எடுத்து இலையில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மல்லிப்பூ.

தமிழ்மொழி பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். மல்லி வாசம் பட்டாலே குமட்டுகிறது என்றவளின் வீட்டுக்கு மல்லி போகிறது என்றால், மறுபடியும் பால் வற்ற வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். அவர் திரும்பினார். பார்த்துவிட்டார். முகத்தில் கோபமுமில்லை, சிரிப்புமில்லை.

"பாய்... புள்ள?"

"பொண்ணு," என்றார். "இஃப்பத்துன்னு பேரு. இவளுக்கும் அதே நோய்தான். நீங்க எழுதிக் குடுத்ததால அந்த அரைகுறை வட்டத்த வெட்டிப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டாங்க. ஒரு சொட்டு தாய்ப்பால் நாக்குல படல. சோயாப் பவுடர கரைச்சுக் குடுக்குறோம். தெருவே கேக்குற மாரி அழுவுறா." அவர் பொட்டலத்தைக் காட்டினார். "மருமவளுக்குப் பால் கட்டி நோவுது. அதுவா கேட்டுச்சு, மல்லி வாங்கிட்டு வாங்க மாமான்னு."

தமிழ்மொழி கம்பத்தை விடாமலே அழுதாள். பஸ் நிலையம் வேடிக்கை பார்த்தது. அவர் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இவளுக்குக் குதிகால்ல எடுக்கறப்ப மருமவ படுக்க மாட்டேன்னு எழுந்து உக்காந்து, ஒவ்வொரு வட்டமா எண்ணிச்சு. அஞ்சும் நெறஞ்சப்புறந்தான் படுத்துச்சு." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்கள எங்கயாச்சும் பாத்தா ஒண்ணு கேக்கச் சொன்னிச்சு. அந்த நாலு வட்டத்த எறிஞ்சிட்டீங்களா?"

எறியவில்லை. எங்கே எறிவது என்று தெரியாமல் அன்றிலிருந்து கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் காட்டினாள்.

"அத திருப்பிக் குடுக்கச் சொன்னிச்சு."

"இது நான் பாய். இது அவன் இல்ல."

"சொன்னேன். அதுக்குத் தெரியாதா? ஓரத்துல இருந்தது பூரா லேப்புல தீந்துபோச்சு. வெறுங்கையோட வெள்ளிக்கெழம போவ மாட்டேங்குது, ஆறு வருசம் இதுக்குத்தான முத்தங்குடுத்தேன்னு அழுவுது." கையை நீட்டினார். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்க வேணாம்னும் சொல்லச் சொன்னிச்சு."

தமிழ்மொழி கொடுத்தாள். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். லப்பைக்குடிக்காட்டு பஸ் கிளம்பியது. சன்னலோரம் உட்கார்ந்தவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் படாமல் பூப்பொட்டலத்தை மடியில் மூடிக்கொண்டார்.